கண்ணு டாக்டர் வீடு

அன்னூரில் எங்கள் பெரியப்பா வீட்டுக்குக் 'கண்ணு டாக்டர் வீடு' என்று பெயர். அந்த வீட்டில் டாக்டருக்குப் படித்தவர் யாரும் கிடையாது. பெரியப்பா கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். பெரியம்மா சத்துணவு அமைப்பாளர், 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் கொண்டுவந்தபோது வேலைக்குச் சேர்ந்தவர். ஆனாலும் பஸ் ஸ்டாண்டில் இறங்கி அந்தப் பெயரைச் சொன்னால் பூக்கடைக்காரர்கூடக் கையைக் காட்டிவிடுவார். கதிர் அறுக்கும்போது கண்ணில் சோளச் சோகை கீறியவர், வெல்டிங் பட்டறையில் பொறி தெறித்தவர் என்று ராத்திரி நேரத்தில் யாராவது வந்து வாசலில் நிற்பார்கள்.

"ஏனுங்க, டாக்டர் இருக்காருங்களா?"

"டாக்டரெல்லாம் கோயமுத்தூர்ல இருக்காங்க. இங்க நாங்கதான் இருக்கறோம். வாங்க, உக்காருங்க" என்பார் பெரியம்மா. பிறகு கண்ணைக் கசக்கவிடாமல், நாட்டு வைத்தியம் எதையும் ஊற்றவிடாமல், சுத்தமான துணியால் மூடி, மறுநாள் முதல் பஸ்ஸில் ஏற்றிவிடுவதுதான் அவர்கள் செய்த வைத்தியம்.

எங்கள் ஊரில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் இல்லாததால் என்னை அங்கே கொண்டுவந்து விட்டிருந்தார்கள். அந்த வீட்டில் வருஷத்துக்கு ஒரு திருவிழா உண்டு. அது தீபாவளி அல்ல, பொங்கல் அல்ல, கண் முகாம். முப்பது வருஷத்துக்கு மேல் அந்த இரண்டு பேரும் அதை நடத்தினார்கள். சம்பளம் இல்லை, சங்கம் இல்லை, ரசீது புத்தகம் இல்லை.

பெரியப்பாவுக்கு இதில் இறங்கத் தோன்றியதற்குக் காரணம் அவருடைய அப்பா. எங்கள் அப்பாருக்கு அறுபதுகளில் ஏதோ ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் வைத்துப் புரை எடுத்தார்களாம். அந்தக் காலத்து முகாம்கள் அப்படித்தான். பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டு, சுண்ணாம்பு அடித்து, அங்கேயே அறுவை சிகிச்சை. தென்னிந்தியா முழுக்க டாக்டர் எம்.சி. மோடி கூடாரம் போட்டு ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கண் கொடுத்த காலம் அது. பார்வை வந்ததென்னவோ உண்மை. ஆனால் அன்றைய முறையில் கண்ணுக்குள் இருக்கிற லென்ஸை முழுசாக வெளியே எடுத்துவிடுவார்கள், பதிலுக்கு ஒன்றும் வைக்கமாட்டார்கள். எடுத்தபின் தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து, நாள்கணக்கில் அசையாமல் மல்லாந்து படுக்க வேண்டும். இருமக்கூடாது, தும்மக்கூடாது. அப்புறம் வாழ்நாள் முழுக்க சோடா புட்டிக் கண்ணாடி. அந்தக் கண்ணாடி உடைந்தால் மனுஷன் மறுபடி குருடன்தான். அப்பாருடைய கண்ணாடியை ஒரு நாள் கன்றுக்குட்டி மிதித்துவிட்டது. புதுக் கண்ணாடி வரும் வரைக்கும் அவர் திண்ணையை விட்டு இறங்கவே இல்லை என்று பெரியப்பா சொல்வார்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் கண் அறுவை என்றாலே பின்வாங்கியது அறியாமையால் மட்டும் அல்ல. அவர்கள் பார்த்திருந்தார்கள். மணல் மூட்டையைப் பார்த்திருந்தார்கள், கண்ணாடி உடைந்து திண்ணையில் கிடந்தவரைப் பார்த்திருந்தார்கள். மத்திய அரசு 1976-இல் பார்வை இழப்புத் தடுப்புத் திட்டம் கொண்டுவந்ததும், கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைக்கும் முறை பரவியதும், அந்த லென்ஸை 1992-இலிருந்து மதுரை அரோலேப் மலிவாகச் செய்துகொடுத்ததும் பெரிய மாற்றங்கள்தான். ஆனால் பசூரிலும் கஞ்சப்பள்ளியிலும் தோட்டத்துச் சாளையில் தனியாக இருக்கிற ஒரு ஆத்தாவுக்கு அந்த மாற்றத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு ஆள் வேண்டுமே.

கோயமுத்தூரில் அதற்குள் ஒரு காரியம் நடந்திருந்தது. 1977-இல் டாக்டர் ஆர்.வி. ரமணியும் அவர் மனைவி டாக்டர் ராதா ரமணியும் ஏழைகளுக்காக ஒரு சின்ன மருத்துவ மையம் தொடங்கினார்கள். அவரவர் தொழிலுக்கு நடுவே நாளில் கொஞ்ச நேரத்தை ஒதுக்கி வந்து நோயாளிகளைப் பார்க்கும்படி மற்ற டாக்டர்களையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். காஞ்சி ஜெயேந்திரரின் ஊக்கத்தில் தொடங்கிய அந்த முயற்சி, 1985-இல் சத்தி ரோடு சிவானந்தபுரத்தில் சங்கரா கண் மருத்துவமனையாக வளர்ந்தது. நூறில் எண்பது பேருக்கு இலவசம், மீதி இருபது பேர் கொடுக்கும் கட்டணத்தில் அது நடக்கும் என்பது கணக்கு. இன்றைக்கு குஜராத், பஞ்சாப், உத்தரப் பிரதேசம் வரைக்கும் அதன் கிளைகள் இருக்கின்றன. எங்கள் பெரியப்பாவுக்கு அதெல்லாம் பொருட்டே இல்லை. அவர் பார்த்தது ஒன்றுதான்: ஆஸ்பத்திரி சத்தி ரோட்டில் இருக்கிறது, அன்னூரும் சத்தி ரோட்டில் இருக்கிறது. ஒரே பஸ், இறங்கி ஏற வேண்டியதில்லை.

ஒரு நாள் சங்கத்துக்கு லீவு போட்டுவிட்டுப் போய் முகாம் போட முடியுமா என்று கேட்டு வந்தார். இடம் பார்த்து, ஆள் சேர்த்து, சாப்பாடு போட்டால் டாக்டரும் பஸ்ஸும் ஆஸ்பத்திரி அனுப்பும் என்று சொன்னார்களாம். வீட்டுக்கு வந்து பெரியம்மாவிடம் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "ஆள் சேக்கறதுன்னா யாருங்க சேக்கறது?" என்பது. அந்தக் கேள்விக்கு முப்பது வருஷமும் ஒரே பதில்தான். அவரேதான்.

வேலை தானாகவே இரண்டாகப் பிரிந்துகொண்டது. காகிதம் எல்லாம் பெரியப்பா. தலைமையாசிரியரிடம் ஞாயிற்றுக்கிழமைக்குப் பள்ளிக்கூடம் கேட்பது, போலீஸ் ஸ்டேஷனில் மைக்குக்கு அனுமதி வாங்குவது, அச்சகத்தில் நோட்டீஸ் அடிப்பது, செலவுக்கு ஒரு புண்ணியவானைப் பிடிப்பது. அப்பா நினைவுநாளுக்கு, மகள் கல்யாணத்துக்கு என்று யாராவது ஒருவர் சாப்பாட்டுச் செலவை ஏற்றுக்கொள்வார்கள். நோட்டீஸில் 'மாவட்ட பார்வை இழப்புத் தடுப்புச் சங்கம்' என்ற பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். கீழே, 'வருவோர் தலைக்குக் குளித்து, மாற்றுத் துணியும் ரேஷன் கார்டு நகலும் கொண்டுவரவும். உணவு, தங்குமிடம், லென்ஸ், மருந்து அனைத்தும் இலவசம்.' பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்த நோட்டீஸை மடித்து மடித்து வைப்பது எங்கள் வேலை. அச்சு மை கையில் ஒட்டும், அந்தக் கையோடு சோற்றில் கை வைத்தால் பெரியம்மாவிடம் திட்டு விழும்.

பெரியப்பாவிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. சங்கத்தில் கடன் பேரேடு எழுதும் அதே கையெழுத்தில் பேர், ஊர், வயசு, வலது கண், இடது கண், சர்க்கரை உண்டா, கூட வர ஆள் உண்டா. கடைசிக் கட்டத்தில் பெரும்பாலும் 'இல்லை' என்றுதான் இருக்கும். அந்த நோட்டுக்குள் போகும் தகவலெல்லாம் பெரியம்மா கொண்டுவந்தவை.

பெரியம்மாவின் முறை விசித்திரமானது. சத்துணவு மையத்துக்குப் பேரப்பிள்ளைகளைக் கூட்டிவரும் ஆத்தாக்களை அவர் நோட்டம் பார்ப்பார். சந்தேகம் வந்தால் சாயங்காலம் அந்த வீட்டுக்கே போய்விடுவார். போய்க் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். மழை, மாடு, மருமகள் எல்லாம் பேசிவிட்டு அந்த வீட்டிலேயே டீ போட்டு டம்ளரை நீட்டுவார். கையில் கொடுக்கமாட்டார். ஒரு சாண் தள்ளி, சத்தம் காட்டாமல் நீட்டுவார். பார்வை இருக்கிறவர் நேராக எடுத்துக்கொள்வார். புரை முற்றியவரின் கை டம்ளருக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போய்க் காற்றைத் தொடும். "டாக்டரு விரலக் காட்டி எத்தனைன்னு கேப்பாரு. அவங்க குத்துமதிப்பா ரெண்டுன்னுடுவாங்க. டம்ளருகிட்டப் பொய் சொல்ல முடியுமா?" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். நான் கூடப் போன ஒரு வீட்டில் ஆத்தாவின் கை டம்ளரைத் தாண்டிப் பெரியம்மாவின் வளையலைத் தொட்டது. "எத்தன நாளாத்தா இப்படி?" என்று அப்போதுதான் மெதுவாகக் கேட்டார். ஆத்தா அழவில்லை. "ரெண்டு மழ ஆச்சு அம்மிணி. மருமகக்கிட்டச் சொல்லிராத" என்றார்.

அதற்குப் பிறகு வருவதுதான் கஷ்டம். எனக்கெதுக்கு கண்ணு இனிமேல், காடு வா வாங்குது என்பார்கள். ஆபரேஷன் செய்தால் செத்துப்போவேன் என்பார்கள். நாலு தரம் போய்ப் பேசினால் கடைசியில் உண்மைக் காரணம் வெளியே வரும். "ஆட்ட யாரு பாக்கறது?" மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும், திரும்பி வந்தும் சில நாள் குனியக்கூடாது, அடுப்பு ஊதக்கூடாது. ஆடு இரண்டு, மாடு ஒன்று, கோழி நாலு. அவற்றை நம்பித்தான் சீவனம். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஷிஃப்ட் விட்டு வரமுடியாது.

முகாம் வாரத்தில் பெரியப்பா வீட்டுக் கட்டுத்தரையில் ஊர்ப்பட்ட ஆடு நிற்கும். யாருடைய ஆடு என்று தெரிய ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு நிறத்துத் துணிக் கிழிசல். விடிகாலையில் தழை வெட்டிப் போடுவது எங்கள் தலையில் விழும். கண் முகாமுக்கும் வேலாமர இலைக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்கு எனக்கு எரிச்சலாக இருந்தது. பக்கத்து ஊர்களிலும் முகாம் நடந்தது. நோட்டீஸ் அடித்தார்கள், மைக் கட்டினார்கள், ஆனால் கட்டுத்தரை ஏற்பாடு கிடையாது. அங்கே வந்தவர்களில் பாதிப்பேர் பரிசோதனை முடித்துக்கொண்டு ஆபரேஷன் தேதியில் காணாமல் போனார்கள். எங்கள் பஸ் நிறைந்து போகும்.

முகாம் நாளில் காலை ஐந்து மணிக்கே பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் கூட்டம் கூடிவிடும். ஒரு வகுப்பறையில் எழுத்து அட்டை. படிக்கத் தெரியாதவர்களுக்கு 'ஈ' என்ற ஆங்கில எழுத்து நாலு திசையிலும் திரும்பியிருக்கும் இன்னொரு அட்டை. எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கையை வைத்துக் காட்ட வேண்டும். அடுத்த அறையில் ரத்த அழுத்தம், சர்க்கரை. அதற்கடுத்து, கண்ணீர்ப் பாதை அடைத்திருக்கிறதா என்று மெல்லிய ஊசிக்குழாயில் தண்ணீர் விட்டுப் பார்ப்பார்கள். அங்கே மட்டும் கொஞ்சம் சத்தம் கேட்கும். ஆபரேஷனுக்குத் தேர்வானவரின் புருவத்துக்கு மேலே ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டுவார்கள். பிளாஸ்திரி கிடைத்தவர்கள் பரிசு வாங்கியவர்கள் மாதிரி ஒரு பக்கம் உட்கார, சர்க்கரை அதிகம் என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் பெரியப்பாவிடம் சண்டைக்கு வருவார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் வேறொரு பிரச்சினை இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் எங்கள் சீமையைப் பற்றிப் பொய் சொன்னதாகிவிடும். அந்நாளில் எங்கள் பக்கத்து டீக்கடைகளில் காலனிக்காரர்களுக்குத் தனிக் குவளை இருந்தது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. முதல் முகாமில் தோட்டத்துப் பெரியவர்கள் சிலர், எங்களுக்குத் தனியாக ஊற்றுங்கள் என்று பெரியப்பாவிடம் ஜாடையாகச் சொன்னார்கள். பெரியப்பா தடுமாறினார். பெரியம்மா வந்து, எல்லா டம்ளரையும் ஒரே அண்டாவில் போட்டு எல்லோர் கண்ணெதிரிலும் கழுவி, அவர்கள் உட்கார்ந்திருந்த வரிசைப்படியே ஒவ்வொருவருக்காகக் கொடுத்துக்கொண்டு போனார். வாதம் ஒன்றும் செய்யவில்லை. இரண்டு பேர் குடிக்காமல் வைத்துவிட்டார்கள். அவர்களும் பஸ்ஸில் ஏறினார்கள், ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்த கட்டிலில் படுத்தார்கள். திரும்பி வந்தபோது அதே டம்ளரில் குடித்தார்களா என்றால், ஒருவர் குடித்தார், ஒருவர் குடிக்கவில்லை. ஊர் மாறிவிட்டது என்று நான் எழுதமாட்டேன். அந்தப் பள்ளிக்கூட வளாகத்தில் வருஷத்தில் ஒரு நாள் மாறியது.

பஸ் கணேசபுரம், கோயில்பாளையம், சரவணம்பட்டி வழியாகப் போகும். இன்றைக்கு அந்தப் பாதையில் ஐ.டி. கம்பெனிகள் கண்ணாடிக் கட்டடங்களாக நிற்கின்றன, அன்றைக்குச் சோளக்காடு. ஒரு வருஷம் கோயில்பாளையத்தில் டீக்கு நிறுத்தியபோது ஒரு அப்பாரு நைசாக இறங்கி, எதிரே வந்த டவுன் பஸ்ஸில் ஏறி அன்னூருக்கே திரும்பிவிட்டார். நெற்றியில் பிளாஸ்திரியோடு கடைவீதியில் நடந்தவரைப் பார்த்து, என்னமோ ஏதோ என்று கூட்டம் கூடிவிட்டதாம். அடுத்த முகாமில் பெரியம்மா அவரை ஜன்னலோரம் உட்காரவைத்துப் பக்கத்தில் தானும் உட்கார்ந்துகொண்டார்.

மூன்றாம் நாள் கறுப்புக் கண்ணாடியோடு எல்லோரும் வந்து இறங்குவார்கள். ஊரே வேடிக்கை பார்க்கும். டம்ளரைத் தாண்டிக் கை போன அந்த ஆத்தாவைச் சில வாரம் கழித்துப் பார்க்கப் போனோம். நெகிழ்ச்சியாக ஏதாவது சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் முறத்தில் ரேஷன் அரிசியைக் கொட்டி வைத்துக்கொண்டு கடுங்கோபத்தில் இருந்தார். "இத்தன கல்லு, இத்தன புழுவு! ரெண்டு வருசமா இதயா அம்மிணி நான் ஆக்கித் தின்னுட்டு இருந்தேன்?" அன்றைக்கே ரேஷன் கடைக்கும் போய்ச் சண்டை போட்டாராம்.

ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். நோட்டீஸில் 'முகாம் ஏற்பாடு' என்று அச்சாவது பெரியப்பாவின் பெயர் மட்டும்தான். மேடையில் பொன்னாடை அவருக்கு. வீட்டுச் சுவரில் தொங்கும் கேடயங்களில் எல்லாம் அவர் பெயர்தான். ஒரு சங்கம் அவரைக் கூப்பிட்டுப் பாராட்டு விழா நடத்தியபோது தனியாகத்தான் போனார். ஏன் போகவில்லை என்று பெரியம்மாவிடம் கேட்டேன். "அன்னைக்கு மாவாட்ட வேண்டியிருந்துச்சு கண்ணு" என்றார். அவருக்கு அதில் வருத்தமே இல்லை என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். நான் நம்பவில்லை. கேடயங்களைத் துடைப்பது அவர்தான். துடைக்கும்போது அவர் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

பெரியப்பா நல்ல மனுஷர், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் செய்த வேலைக்கு நோட்டு இருந்தது, கையெழுத்து இருந்தது, தேதி இருந்தது. டம்ளரை ஒரு சாண் தள்ளி நீட்டுவதற்கு ஏது பேரேடு? கணவனும் மனைவியுமாகச் செய்யும் தொண்டில் இப்படித்தான் ஆகிவிடுகிறது. டாக்டர் ரமணிக்கு 2019-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், தகுந்த விருதுதான். ஆனால் அந்த மருத்துவமனையைத் தொடங்கியவர்கள் யார் என்று கேட்டால் எல்லோரும் இரண்டு பேரைச் சொல்கிறார்கள். விருதுப் பட்டியலில் ஒரு பெயர்தான் இருந்தது. கீழத்தஞ்சையில் நிலமில்லாதவர்களுக்கு நிலம் வாங்கிக்கொடுக்கப் பாடுபட்ட ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள் தம்பதிக்கு 2008-இல் சுவீடனிலிருந்து 'மாற்று நோபல்' என்று சொல்லப்படும் விருது வந்தபோது இரண்டு பேரையும் சேர்த்துத்தான் அறிவித்தார்கள். அப்படியும் செய்ய முடியும்.

பெரியப்பா போன அன்று காலையில் நான் அங்கே இருந்தேன். பெரியம்மா அழுவதற்கு முன்னால் எழுந்து போய் ஃபேனை நிறுத்தினார். கண் இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வைத்தார். தலைக்கு இன்னொரு தலையணை வைத்து உயர்த்தினார். பிறகு என்னைப் பார்த்து, "ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணு. ஆறு மணி நேரந்தான் இருக்குது" என்றார். உறவுக்காரர் ஒருவர், புரை ஆபரேஷன் செய்த கண்ணை எப்படி எடுப்பார்கள் என்று கேட்டார். எடுப்பார்கள், கருவிழி நன்றாக இருந்தால் போதும், வயசும் தடையில்லை. வந்தவர்கள் தங்கள் வேலையைக் கால் மணி நேரத்தில் முடித்தார்கள், முகத்தில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அவர்கள் போன பிறகுதான் பெரியம்மா உட்கார்ந்து அழுதார்.

கொரோனா வந்த வருஷத்தோடு எங்கள் முகாம் நின்றுபோனது. இப்போது அரசுக் காப்பீட்டு அட்டை இருக்கிறது, வீட்டுக்கொரு வண்டி இருக்கிறது, கைபேசியில் கூப்பிட்டால் ஆஸ்பத்திரி ஆள் பேசுகிறார். புரை போதாதென்று சர்க்கரை நோய் கண்ணின் விழித்திரையைத் தின்கிறது. அது டம்ளர் சோதனையில் தெரிவதில்லை, தெரியும்போது பார்வை பாதி போயிருக்கும். பெரியம்மாவுக்கு எண்பதை நெருங்கிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்களை "வருசத்துக்கு ஒருக்கா கண்ணக் காட்டிப்போட்டு வாங்க" என்று இன்னமும் நச்சரிக்கிறார்.

உங்கள் ஊரில் கண் முகாம் நோட்டீஸ் வந்தால் அதை மடித்துப் பையில் போடுவதற்கு முன் தெருவில் தனியாக இருக்கும் பெரியவர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவருடைய மாற்றுத் துணி, சர்க்கரை மாத்திரை, ஆதார் நகல் எல்லாவற்றையும் நீங்களே எடுத்துவைத்துக் கூடப் போங்கள். வரமாட்டேன் என்றால், வீட்டில் ஆடு மாடு இருக்கிறதா என்று கேளுங்கள்.